ஆமணக்கின் மேல் காய்ந்த புடவைகள்

திருமுல்லைவாயில்
10-11-1971

அன்பு மகள் பூங்காவனத்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க ஈசுவரனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம், அப்பாவின் முதுகைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இது, சனிக்கிழமை நான் அனுப்பிய துணிப் பார்சல் பிலாய்க்கு வந்திருந்தால் பிரிக்காதே. பிரித்திருந்தால் அந்தப் புடவைகளில் குழந்தையைக் கிடத்தாதே, தூளியும் கட்டாதே.

டாக்டர் ரயில் ஏறக் கூடாது என்று சொல்லித் தலைப்பிரசவத்துக்குக்கூட உன்னை இங்கே அழைத்து வர முடியாமல் போனதில் எனக்கு இன்னும் மனது ஆறவில்லை. என் பழைய புடவையாவது குழந்தைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று நான்கைத் துவைத்தேன். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் வெயில், கொடியில் இடமில்லை, புடவைகளையும் அப்பாவின் பனியனையும் வேலியோர ஆமணக்குச் செடிமேல் விரித்தேன். மறுநாள் அப்பாவின் முதுகெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. பக்கத்து வீட்டு எல்லம்மா பார்த்துவிட்டு, ஆத்தா வந்துகீறா, குளிக்க வெக்காதே என்றாள். நானும் வாசலில் வேப்பிலை செருகி மூன்று நாள் அதே பனியனோடு படுக்க வைத்தேன். அவரோ, இன்னா ஆத்தா இது, ஜொரமே காணோம், பசிதான் எடுக்குது என்று முனகிக்கொண்டே இருந்தார். இன்று காலை எல்லம்மா ஆமணக்கு இலை பறிக்கக் கையை விட்டாள், முழங்கை வரை தடித்துவிட்டது. உனக்கும் ஆத்தாவா என்று அப்பா படுத்தபடியே கேட்டார். இலையைத் திருப்பினால் அடியில் கம்பளிப்பூச்சி, முதுகில் குஞ்சம் குஞ்சமாக மயிரோடு, ஒன்றன்மேல் ஒன்றாக. பூச்சியே மேலே பட வேண்டாமாம், உதிர்ந்த மயிர் துணியில் ஒட்டியிருந்தாலே போதுமாம், தெருக்கோடி கம்பவுண்டர் சொன்னார். அப்போதுதான் பார்சல் ஞாபகம் வந்தது. உடனே இதை எழுத உட்கார்ந்தேன்.

குழந்தைமேல் பட்டிருந்தால் தேய்க்காதே, துடைக்காதே, தண்ணீர் ஊற்றிக் கழுவி உடனே டாக்டரிடம் காட்டு. கண்ணைப் பார். உன் மாமியார் திருஷ்டி என்று சுற்றிப்போட ஆரம்பிப்பார், என் அம்மா செய்த வேலை என்று அவரிடம் சொல்லிவிடு, எனக்கு வெட்கமில்லை. புடவைகளை எரித்துவிடு. மழையில் கம்பி அறுந்து இங்கே தந்தி எடுக்கவில்லை. அப்பா இதை சென்ட்ரலிலேயே போடுகிறேன், அங்கே தந்தியும் கொடுக்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு முதுகைச் சொறிந்தபடி நிற்கிறார். தந்தி வந்தால் பயப்படாதே, இந்த விஷயம்தான்.

பார்சலுக்குள் ஒரு சீட்டு இருக்கும். துவைக்காமல் அப்படியே போடு, என் வாசனை குழந்தைக்குத் தெரியட்டும் என்று நானேதான் எழுதி வைத்தேன். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் நீ உடனே செய்ததில்லை, அதற்காக உன்னை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். இந்த ஒரு தடவையும் என் பேச்சைக் கேட்காமல் இருந்திரு, கண்ணு.

மூன்று பேரும் நூறாண்டு நன்றாக இருங்கள். குழந்தை சுகம் என்று ஒரு வரி போதும், உடனே எழுது.

உன் அம்மா,
தாட்சாயிணி