மேஸ்திரியின் சட்டியை இடம் மாற்றினோம்

ராயபுரம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் தம்பி ஜோபினும் மருமகள் வினிதாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபத்தை முடிக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையை விடவில்லை, நீ கேட்பாய் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். கடையை ஜோபின் பார்த்துக்கொள்கிறான், கயிறும் தார்ப்பாயும் மழைக்கு முன்னால் நன்றாக ஓடுகிறது, நான் பதினோரு மணிக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதோடு சரி. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று இரண்டு கேள்வி கேட்பாய், நான் ஆமாம் ஆமாம் என்பேன், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய். இரண்டு வருஷமாக இதுதான் நம் பேச்சு. கடிதத்தை நடுவில் வைக்க முடியாது பார், அதனால்தான்.

உன் மீன் தொட்டியைப் பற்றி ஒரு சேதி, கோபப்படாமல் கடைசி வரை படி மக்களே. மேஸ்திரி உயிரோடுதான் இருக்கிறான், அதே கருப்பு உடம்பு, அதே சிவப்பு வால், அம்மாவின் விரிசல் விட்ட குழம்புச் சட்டிக்குள் இருந்து எட்டிப் பார்த்து நாட்டாமை செய்வதும் அப்படியே. ஆனால் கூட இருந்த மோலி மீன்கள் எல்லாம் வயதாகிப் போய்விட்டன, நாலடித் தொட்டியில் அவன் ஒருவன்தான். போன மாதம் வினிதா அதைப் பார்த்துவிட்டு, மாமா, அது ஒண்டியா சுத்திகினு கீது, பாக்கவே பேஜாரா கீது, கூட நாலு மீனு வாங்கி வுடலாமா என்று கேட்டாள். நீ லீவில் வந்திருந்தபோது அவளுடைய இரண்டு தங்கமீனையும் கடித்துத் துரத்தியே கொன்றவன் அவன். அந்தத் தங்கமீனை உன் தொட்டியில் விடச் சொன்னவனும் நான்தான், அன்றைக்கு அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. யாரைக் கேட்டு என் தொட்டியில் கண்டதையும் விட்டாய் என்று நீ கேட்டாய், நானும் இந்த வூட்லதான கீறேன் என்று அவள் சொன்னாள், நீ அந்தக் கீறேனை அவள் மாதிரியே சொல்லிக்காட்டிச் சிரித்தாய். காசிமேட்டுப் பெண் அப்படித்தான் பேசும் மக்களே, நம் ஊர்ப் பேச்சில் மகளான உன்னை நான் மக்களே என்பதில்லையா, அவள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். அவள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், நீ ஒரு மாத லீவில் ஒன்பதாம் நாள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினாய், நான் நடுவில் மரம் மாதிரி நின்றேன். விமான நிலையத்தில் நீ திரும்பிப் பார்க்கவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

சரி, நானும் வினிதாவும் கொளத்தூருக்குப் போனோம். அம்புரோஸ் என்று ஒருவர் கடை, ஆள் வாய்க்காரர். வினிதா மறுபடியும் தங்கமீனைத்தான் காட்டினாள், அந்த ஆரஞ்சு நிறம் அவளுக்குப் பிடிக்கும். அவர் தரமாட்டேன் என்றுவிட்டார். அதுக்கு ஜில்லுனு தண்ணி வேணும்மா, உங்காளுக்கு வெதவெதன்னு வேணும், அது ஆடி அசைஞ்சி வரும், இவன் அடிச்சிகினு ஓடுவான், எப்டி சேரும் என்றார். அதே நிறத்தில் வால் கத்தி மாதிரி நீண்ட மீன் இருக்கிறதே, ஸோர்ட்டெயில், அதில் ஆண் ஒன்று பெண் மூன்று எடுத்துக் கொடுத்தார், ஆண் இரண்டு போட்டால் ஒன்றை ஒன்று சும்மா விடாதாம். வரிவரியாக ஸீப்ரா எட்டு, அது கூட்டமாக இருந்தால்தான் பயமில்லாமல் இருக்குமாம். தரையில் மேய்கிற மீன் ஒன்றும் வேண்டாம், தரை மேஸ்திரியுடையது, மேலேயும் நடுவிலேயும் நீந்துகிறதை மட்டும் விடுங்கள் என்றார். ஒரு மீன் இன்னொன்றின் வாய்க்குள் நுழைகிற அளவில் இருக்கக் கூடாது என்பது பெரிய விதியாம். இத்தனை வருஷம் மீன் வளர்த்த வீட்டில் இது எதுவும் எனக்குத் தெரியாது. நீ சொல்லியிருப்பாய், நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

மேஸ்திரியைத்தான் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவன் கெட்டவன் இல்ல சார், அது தன் எடம்னு அவனுக்கு மண்டைல ஏறிகினு கீது, அவ்ளோதான், அவனைப் புடிச்சி வாளியில வுடு, உள்ள கல்லு சட்டி எல்லாத்தையும் கலைச்சி மாத்தி வை, புதுசுங்கள முதல்ல வுடு, அவனைக் கடைசியா வுடு, யாருக்கும் அது பழைய வூடு இல்லன்னு ஆயிடும் என்றார். அப்படியே செய்தோம். புது மீன் பையைக் கட்டு அவிழ்க்காமல் அரைமணி நேரம் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டோம், வினிதா கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் சட்டியை நான் தூக்கிப் போடவில்லை, பயப்படாதே, இடது மூலையிலிருந்து வலது பக்கம் தள்ளிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மேஸ்திரியை விட்டதும் நேராக இடது மூலைக்குத்தான் போனான். சட்டி இல்லை. சுற்றிச் சுற்றி வந்தான். இரண்டு நாள் ஃபில்டர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றான், என்னால் அவனைப் பார்க்கவே முடியவில்லை, பாவம் செய்துவிட்டோமோ என்று இருந்தது. மூன்றாம் நாள் சாப்பாடு போட்டபோது எல்லாவற்றோடும் சேர்ந்து மேலே வந்தான். ஒன்றையும் துரத்தவில்லை. இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள்.

உன்னை மீனோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நான் சொல்வது சட்டியைப் பற்றி. அதை அங்கே வைத்தது யார், நான். அம்மா போன பிறகு நீயும் போய்விட்டாய், எனக்கு இருந்த ஆறுதல் உன் அறையை நீ விட்ட மாதிரியே வைத்திருப்பதுதான். உன் கட்டில், உன் மேஜை, பீரோவில் உன் பழைய சுடிதார்கள், கொக்கியில் உன் நீலக் கப், அதை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். அன்பு என்றுதான் நினைத்தேன். போன சனிக்கிழமை ஒரு குடையைத் தேடி ஜோபின் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன், அங்கே வினிதாவின் பெட்டி. கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பெட்டி. நாலு வருஷமாக அந்தப் பெண் அதிலிருந்துதான் சேலை எடுத்துக் கட்டுகிறாள், பீரோ உன்னுடையது என்பதால். ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீ வந்தால் உனக்கு அவள் உன் இடத்தில் இருப்பதாகத் தெரிகிறது, அவளுக்கோ இது என்றைக்கும் உன் வீடு. இரண்டு பேரையும் முட்டவிட்டவன் நான் மக்களே. என்னை மன்னித்துக்கொள். அவளிடமும் மன்னிப்பு கேட்டுவிட்டேன், அவள் அழுதாள்.

ஆகவே வீட்டையும் கலைத்துவிட்டோம். பீரோ கூடத்துக்கு வந்துவிட்டது, உனக்கு இரண்டு தட்டு, அவளுக்கு இரண்டு தட்டு. உன் சுடிதார்களை அவளே மடித்து வைத்தாள். உன் கட்டிலைக் கிழக்கு ஜன்னல் ஓரம் போட்டிருக்கிறோம், நீ படுத்தபடியே துறைமுகத்துக் கிரேனைப் பார்க்கலாம். என் சாய்வு நாற்காலியும் போய்விட்டது, வாசல் பக்கம் தள்ளிவிட்டார்கள், காலையில் பழைய ஞாபகத்தில் நடந்து முழங்காலில் இரண்டு தரம் இடித்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் இடம் ஆகிவிட்டது, உன் நீலக் கப்பைத் தவிர. புது அலமாரியில் வைக்கிறேன் என்று நான் எடுத்தேன், வினிதா வாங்கி மேஜைமேலேயே வைத்துவிட்டு, அதுக்கு எடம் அண்ணி வந்து பாத்து வெச்சிக்கட்டும் மாமா என்றாள். அங்கேயேதான் இருக்கிறது. தினமும் அவள் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைக்கிறாள்.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். டிசம்பர் லீவுக்கு ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய், இது ஜூலை கடைசி. ஒன்பது நாள் என்றாலும் வா, உன்னைப் பார்க்காமல் என்னால் முடியவில்லை.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா
ஜெபசிங்