டிரெய்லருக்குப் பின்னால் மாரியக்கா

மார்ச் 10, திங்கள்

நல்ல வெயில். நோன்பு வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டது. காலையிலேயே சீவலப்பேரி ரோட்டு அரிசி மில்லுக்குப் போய், சிதம்பரம் அண்ணாச்சியின் மூன்று டிரெய்லர்களில் முதலாவதற்கு சென்சார் மாட்டி முடித்தேன். நானே. டிரெய்லர் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு.

கையில் கிரீஸ். முக்காடு முழுக்கத் தவிடு. முழங்கையில் கீறல். பாலிடெக்னிக்கில் படித்தது இத்தனை வருடம் மிக்ஸியும் மொபைலும் ரிப்பேர் பார்க்கத்தான் உதவியது. இன்று பதினெட்டுச் சக்கர வண்டி.

பின்பக்கம், விளக்கு வரிசையை ஒட்டி நாலு கண். டிரைவர் முன்னால் ஒரு சின்னத் திரை. நடுவில் கம்பி கிடையாது. பின்னால் ஏதாவது இருந்தால் திரையில் தூரம் வரும், பீப் அடிக்கும். நெருங்க நெருங்க வேகமாக.

‘கம்பி இல்லாம எப்படிம்மா பேசிக்கிடும்?’ - அண்ணாச்சி.

டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி அடிக்கடி மாறும், கம்பி போட்டால் ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டும், மிச்சத்தை எலி தின்றுவிடும் என்றேன். எலி என்றதும் புரிந்துவிட்டது. மில்காரர்.

டிரைவர் பெயர் சுடலை. என்னைவிட இளையவன். பேச்சே இல்லை. டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது கொஞ்ச தூரம் வருவான், நிறுத்துவான், இறங்கிப் பின்னால் போய்ப் பார்ப்பான், மறுபடி ஏறுவான். மற்ற டிரைவர்களுக்கு அது சிரிப்பு. ‘ஏலே, அங்கன பொண்ணா நிக்கி, எறங்கி எறங்கிப் பாக்க?’

அவன் கண்டுகொள்ளவில்லை. என்னிடம் மட்டும் மெதுவாக: ‘அக்கா, இது நெசமாவே சொல்லுமா?’

சொல்லும் என்றேன். நாளை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

வாங்க: சிலிகான் பசை, டேப், மாமியாருக்குப் பேரீச்சம்பழம் (மெத்தென்று இருப்பது), கடலை மாவு.

மார்ச் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. இந்த மாதத்தில் இப்படி ஒரு மழையா. மதியம்தான் விட்டது. மில் களமெல்லாம் சேறு.

எழுதவே மனதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சுடலை பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். குடோன் சுவரை நோக்கிப் பின்னால் வந்தோம். திரை தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது, பீப் விடாமல் அடித்தது, நின்றோம். சுவருக்கும் வண்டிக்கும் ஒரு முழம். கைதட்டினார்கள். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் வந்து, ‘மூணு வண்டிக்கும் போட்டுருங்கம்மா. பெருநாளைக்கு முன்னால முடிச்சிருங்க’ என்றார்.

பிறகு லோடு ஏற்றும் வாசலுக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார்கள். மறுபடியும் பின்னால். இந்தத் தடவை சுடலை இறங்கவில்லை. திரையைப் பார்த்தான். வெறும் கோடு. பின்னால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். முகத்தில் சின்னச் சிரிப்போடு வண்டியை எடுத்தான்.

என் பக்கக் கண்ணாடியில் பச்சைச் சேலை முந்தி ஒன்று அசைந்தது.

நிறுத்து என்று கத்தினேன். நின்றது. குதித்து ஓடினேன். டிரெய்லரின் பின்சட்டத்துக்குக் கீழே மாரியக்கா. மில்லைப் பெருக்குகிறவள். குத்துக்காலிட்டு, சிந்திய நெல்லைச் சுளகில் அள்ளிக்கொண்டிருந்தாள். நான் மாட்டிய நாலு கண்ணும் அவள் தலைக்கு மேலே.

‘என்ன பாயம்மா? ஏன் ஓடி வாரிய?’

அவளுக்கு எதுவும் தெரியவில்லை. சுடலை படியில் உட்கார்ந்துவிட்டான். தலையில் கை.

எடைமேடைக் கணக்கர் அப்போதுதான் சொன்னார். போன வருடம் சுடலை பின்னால் எடுத்த டிரெய்லர்தான் மாரியக்காவைத் தட்டியது. காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். இப்போதும் சாய்ந்துதான் நடக்கிறாள். அவன் இறங்கி இறங்கிப் பார்ப்பது அதனால்தான். இன்று இறங்காதது என் மிசினால்.

அண்ணாச்சியிடம் போனேன்.

‘இப்ப வேண்டாம் அண்ணாச்சி.’

‘ஏம்மா, நல்லாத்தான வேல செய்யுது? செவத்தக் காட்டுச்சுல்லா?’

‘செவத்தக் காட்டுது. குனிஞ்சு இருக்க ஆளக் காட்டல. இப்படியே நான் தரமாட்டேன்.’

திரையையும் நாலு கண்ணையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மூலையில் யாரோ: ‘வார ஆர்டர வேண்டாங்காவ பாரு.’ அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘ஒரு வாரம் பாப்பேன். பொறவு வேற ஆளத்தான் பாக்கணும்.’

பஸ்ஸில் வரும்போது அந்தப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மார்ச் 12, புதன்

வெயில் திரும்பிவிட்டது. ரிப்பேர் கடையைத் திறக்கவில்லை.

சவூதியிலிருந்து மச்சான் போன். என் வீட்டுக்காரர் ஓட்டுவதும் டிரெய்லர்தான், தம்மாம் துறைமுகத்தில். இந்தச் சென்சாரைப் பற்றி முதலில் சொன்னதே அவர்தான். எல்லாவற்றையும் சொன்னேன், அழுகையோடு.

‘வேண்டாம்னு நீதான் சொன்னியா?’

‘நாந்தான்.’

‘அப்ப என்னத்துக்குப் புள்ள அழுத? மூணு வண்டிக்கும் மாட்டிட்டு வந்திருந்தியன்னா அழலாம்.’

பிறகு, ‘சரி, நோன்பு திறக்க என்ன?’ என்றார். கீரை வடை என்றேன். பெருமூச்சு விட்டார்.

யோசித்ததில் தப்பு இரண்டு. ஒன்று உயரம், கண்களை மேலே வைத்தது. இன்னொன்று துணி. சென்சார் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது; சுவர் அதைத் திருப்பி அனுப்பும். துணி அதைக் குடித்துவிடும். நான் சோதித்ததெல்லாம் சுவர், இரும்பு டிரம், கதவு. ஒரு மனிதரைக்கூட வைத்துப் பார்க்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஜும்ஆ நேரம். ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள், தெரு காலி. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பழைய கட்டில் சட்டத்தில் நாலு கண்ணையும் கட்டி, தள்ளுவண்டியில் ஏற்றினேன். பின்னால் உட்கார ஆள்? மாமிதான்.

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மணைப்பலகையில் உட்கார்ந்தார், கையில் ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணி. தள்ளுவண்டியைப் பின்னால் தள்ளினேன். திரையில் வெறும் கோடு. இன்னும் தள்ளினேன். கோடுதான்.

‘ஏம்மா, அந்த மிசினுக்கு என்னையத் தெரியலியா?’

‘தெரியல மாமி.’

‘மேலப்பாளையத்துக்கே என்னையத் தெரியும்!’

சட்டத்தை இறக்கிக் கட்டினேன், முழங்கால் உயரத்துக்கு. உணர்திறனைக் கூட்டினேன். பீப்! மாமி ‘அல்லாஹ்’ என்று எழுந்தேவிட்டார். பிறகு அவரே, ‘இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காரட்டா?’ என்று கேட்டு இடம் மாறி மாறி உட்கார்ந்தார். பக்கவாட்டில், குனிந்து, திரும்பி. எல்லாவற்றிலும் பிடித்தது.

ஆனால் புதுத் தொல்லை. மாமி எழுந்து போன பிறகும் பீப். கல்லுக்குப் பீப். மேட்டுக்குப் பீப். பூனைக்குப் பீப். எப்போதும் கத்துகிற மிசினை எந்த டிரைவரும் அணைத்துப் போட்டுவிடுவான்.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கப் பாத்திரம் அனுப்ப மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

கிடைத்துவிட்டது!!

கீழே இறக்கிய கண்களை நேராக வைத்ததால் தரையைப் பார்க்கின்றன. கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் போதும். கண்ணைத் தாங்கும் பட்டையின் அடியில் வாஷர் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து. கடைசியில் மெல்லிய வாஷர் இரண்டு. தரை தெரியவில்லை, கல் தெரியவில்லை, மாமி தெரிகிறார். மேலே இரண்டு கண், கீழே இரண்டு கண். மேலது சுவருக்கு, கீழது ஆளுக்கு.

பேட்டையில் வெல்டிங் கடையில் பட்டை செய்யக் கொடுத்தேன். ‘யாரு வரஞ்சு குடுத்தா?’ என்று கேட்டார். நான்தான் என்றேன். தாளை மறுபடி திருப்பிப் பார்த்தார். நான் வரைந்தபடியே அச்சாகச் செய்து கொடுத்தார்.

தஸ்பீஹ் மணி ஒன்றைத் தள்ளுவண்டி நசுக்கிவிட்டது. மாமிக்குப் புதிதாக வாங்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

மேகமூட்டம், புழுக்கம்.

மில். பட்டை மாட்டி, கண் மாட்டி, திரை வைத்தேன். டிரெய்லர் சக்கரங்களுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, பெரிய மரக்கட்டைகளைப் போடச் சொன்னேன். சென்சார் தவறினாலும் வண்டி கட்டையைத் தாண்டாது. நானே ஏறி மிதித்து, அசைகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

முதலில் மூட்டைக்குச் சேலை சுற்றி வைத்தோம். பிடித்தது. வெறும் மூட்டை. பிடித்தது. அண்ணாச்சிக்குத் திருப்தி. எனக்கு இல்லை. ஆள் வேண்டும். கட்டைக்குக் கொஞ்சம் தள்ளி நானே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

எஞ்சின் நின்றது. சுடலை இறங்கி வந்தான்.

‘மூட்டையே போதும்க்கா. ஆளு வேண்டாம்.’

‘மூட்டைக்காகவா இத மாட்டுதோம்?’

‘என்னால ஆகாது.’

அப்போது விளக்குமாற்றோடு மாரியக்கா சாய்ந்து சாய்ந்து வந்தாள்.

‘நீங்க எந்திரிங்க பாயம்மா. அது நான் உக்காருத இடம்.’

‘மயினி, வேண்டாம்’ என்றான் சுடலை. இரண்டு பேரும் ஒரே ஊர், அண்ணி முறையில்தான் கூப்பிடுவானாம்.

‘ஒரு வருசமா என் மூஞ்சியப் பாக்காமத் திரியுத. என்னையக் கண்டா அந்தப் பக்கம் சுத்திப் போற. இப்பவும் நீ பாக்க வேண்டாம், அந்தப் பெட்டி பாத்துக்கிடும். ஏறுலே.’

அவன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கட்டைகளை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அவளுக்குப் பக்கவாட்டில், சென்சார் கண் எட்டாத ஓரமாக நின்றுகொண்டேன், கை நீட்டினால் இழுத்துவிடும் தூரத்தில்.

அவள் உட்கார்ந்து நெல்லைக் கூட்ட ஆரம்பித்தாள். வண்டி வந்தது. அத்தனை பெரிய இரும்பு, பைய, பைய. பிறகு டிரைவர் ஜன்னலிலிருந்து பீப். விட்டு விட்டு. அப்புறம் நெருக்கமாக. அப்புறம் விடாமல் ஒரே கூவல். பிரேக் காற்று உஸ்ஸென்றது.

வண்டி நின்றது. கட்டையைத் தொடக்கூட இல்லை.

எல்லோரும் கத்தினார்கள். மாரியக்கா எழுந்திருக்கவில்லை.

‘இன்னொரு மட்டம் ஓட்டச் சொல்லுங்க பாயம்மா. மொத மட்டம் நான் கண்ண மூடிட்டேன்.’

இரண்டாம் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, வண்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மறுபடி பீப். மறுபடி நின்றது. அதே இடத்தில்.

சுடலை உடனே இறங்கவில்லை. வெகுநேரம் கழித்து வந்தான், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு. குனிந்து அவள் கையிலிருந்த சுளகை வாங்கிக்கொண்டான்.

‘கால் வலிக்கா மயினி?’

‘மழைக்கு வலிக்கும்.’

அவ்வளவுதான் பேசினார்கள். மிச்ச நெல்லை அவன்தான் அள்ளினான்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போது என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தில் கிரீஸ் போகவில்லை. போகாவிட்டால் இருக்கட்டும். அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 20, வியாழன்

மற்ற இரண்டு டிரெய்லர்களும் முடிந்தன. டிரைவர்களைக் கூப்பிட்டு ஒன்றைச் சொன்னேன்: தவிட்டுப் பொடி படியும், தினமும் காலையில் கண்ணைத் துணியால் துடைக்க வேண்டும், துடைக்காத கண்ணை நம்பக் கூடாது. சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்க்க வேண்டும், அதற்கு வெட்கப்படக் கூடாது. சுடலை என் பின்னால் நின்றுகொண்டு, ‘கேட்டுக்கிடுங்கலே’ என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி ஆபீஸில் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வெளியே இருப்பது தெரியாது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

‘மேலப்பாளையத்துப் பாயம்மா வே. நான் வாங்குதேன்னு சொல்லியும் சரியில்ல, தரமாட்டேன்னு கழத்திட்டுப் போயிட்டாவ. எனக்கு அன்னிக்குக் கோவந்தான். இப்ப சொல்லுதேன், அவிய சரின்னு சொன்னா சரிதான் வே.’

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. கொக்கிரகுளம் பாலத்தில் ஆற்றைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் இன்னும் செம்மண் நிறத்தில். எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்ததை முன் சீட்டுக் குழந்தை பார்த்துவிட்டது.

மச்சானுக்குப் பட்டையின் போட்டோ அனுப்பினேன். அவர்கள் யார்டு போர்மேன் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாராம். எந்தக் கம்பெனி என்று கேட்டாராம். ‘எங்க வீடுன்னு சொல்லிட்டேன்’ என்றார்.

மார்ச் 22, சனி

வெயில். சமோசாவுக்கு மாவு பிசைந்து வைத்தேன். கடையில் இரண்டு மொபைல், ஒரு கிரைண்டர். கிரைண்டருக்குக் கார்பன் மாற்ற வேண்டும்.

இப்போது தெருமுனையில் ஹாரன். நிற்காத ஹாரன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். நீளமான ஒரு டிரெய்லர், எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு. பின்னால் மினிபஸ், ஆட்டோக்கள், எல்லோரும் சத்தம். டிரைவர் முன்பின் தெரியாதவர், வள்ளியூர்ப் பக்கமாம். கீழே இறங்கி, போகிற வருகிறவர்களிடமெல்லாம், ‘சென்சார் மாட்டுத அக்கா வீடு எங்கன? தூத்துக்குடியில சுடலை அண்ணன் சொல்லி விட்டாவ’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பள்ளிவாசல் பக்கமிருந்து வந்த பாய்மாரெல்லாம் என் வீட்டைக் கை காட்டுகிறார்கள்.

மாமி கீழேயிருந்து: ‘ஏம்மா, ஊரு பூரா அங்கன நிக்கி. மேல உக்காந்து என்னத்த எழுதுத?’

ஸ்பேனர் எங்கே வைத்தேன்