ஐம்பத்து நான்கு வருடம் காலி

அல்மாட்டி,
2 மார்ச் 1998

அன்பு மகள் லில்யாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை எழுதத்தான் உனக்கு நேரமில்லை.

இந்த நகரத்தில் நம் லுத்தரன் சபைக்கு நூறு வயதாகிறதாம். இருந்த போதகர்கள் பெயரையெல்லாம் ஒரு பலகையில் எழுதச் சொல்லிவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் கையில் சரித்திரம்! முப்பது வருடம் தொழிற்சாலைச் சுவரில் கட்சி முழக்கம் எழுதிய கை. எழுத்து மட்டும் நேராக வரும்.

1937இல் ரகசியப் போலீஸார் போதகரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்தவர் வந்தது 1991இல். ஜெர்மனியிலிருந்து வந்த அவரும் போன வருடம் ஊர் திரும்பிவிட்டார். நடுவில் ஐம்பத்து நான்கு வருடம் காலி. அதைப் பார்த்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பலகையை விட்டுட்டு சூப்பைக் குடிங்க, ஆறிப்போச்சு" என்கிறாள் உன் அம்மா.

அந்த வருடங்களில் சமையலறையில் திரை போட்டு ஞானஸ்நானம் கொடுத்தது செத்துப்போன ஒட்டிலியா அத்தைதானே. அவர் பெயரை எழுதட்டுமா என்று சபைத் தலைவர் வால்டெமர் அண்ணனைக் கேட்டேன். "பள்ளிக்கூடச் சமையக்காரி. பட்டம் வாங்காதவ. போதகர் வரிசையில வெச்சா ஊர் சிரிக்கும்" என்றார். வழக்கம்போல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

உன் அப்பா,
ஆர்தர்

காசல், ஜெர்மனி,
19 மார்ச் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம்தான், தூக்கம்தான் இல்லை. பெந்தெகொஸ்தே ஞாயிறன்று எனக்குக் குருப்பட்டம் என்று சொன்னேனே. ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லாமல் தரமாட்டார்களாம். யார் கொடுத்தது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஒரு சமையற்காரி, அலுமினியக் கிண்ணத்தில் என்றேன். "இன்னொரு தரம் எடுத்துக்கோங்க, ரெண்டு நிமிஷ வேலை" என்றார் அந்த அம்மா. முடியாது என்று வந்துவிட்டேன்.

அன்று வாசலில் காவல் நின்றது நீங்கள்தானே அப்பா? அது நடக்கவே இல்லை என்பதுபோல் நான் எப்படி மறுபடியும் ஞானஸ்நானத்துக்குத் தலை குனிவேன்?

அத்தை பெயர் போட்டு, சபை முத்திரையோடு ஒரு சான்றிதழ் வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள். இந்த முறை தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

லில்யா

அல்மாட்டி,
13 ஏப்ரல் 1998

அன்பு மகளுக்கு,

காவல் நின்றேன் என்று எழுதியிருந்தாய். நடுக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நேற்றும் அப்படித்தான். ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் பலகையை எல்லார் முன்னாலும் கொண்டுபோய் வைத்தேன்.

"வால்டெமர் அண்ணே, உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யாரு?"

அவருடைய அக்கா ஃப்ரீடா பின்வரிசையிலிருந்து சொன்னாள்: "ஒட்டிலியாதான். அப்ப இவனுக்கு ஒம்பது வயசு. தண்ணி சில்லுன்னு இருக்குன்னு இவன் போட்ட கத்தல்ல எங்க எல்லாரையும் பிடிச்சுட்டுப் போயிருப்பாங்க."

சபையே சிரித்தது. நான் எழுதிக் கொண்டுபோயிருந்த உன் சான்றிதழில் அண்ணன் முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார். பிறகு மெதுவாக, "சரி. பலகையில சின்ன எழுத்துல போடு" என்றார்.

"என்கிட்ட ஒரே அளவு தூரிகைதான் இருக்கு, அண்ணே."

உண்மையில் ஒன்பது தூரிகை இருக்கிறது. மற்றவர்கள் பெயர் அளவுக்கே எழுதினேன்.

பக்கத்து வீட்டு ஹைன்ரிஹ் புதன்கிழமை குடும்பத்தோடு ஜெர்மனிக்கே போகிறான். சான்றிதழை அவன் கொண்டுவருவான். அவனும் போனால் பாடுவதற்குப் பன்னிரண்டு பேர். பழைய பிரசங்கப் புத்தகத்தை நான்தான் திக்கித் திக்கி வாசிக்கிறேன். நீ அங்கேயே இரு, நன்றாக இரு. நான் ஒன்றும் கேட்கவில்லை.

பலகையில் கடைசி வரி மிச்சம் இருக்கிறது. அளவு பார்ப்பதற்காக உன் பெயரைப் பென்சிலால் எழுதினேன். சரியாக அடங்கியது. அழித்துவிட்டேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கொஞ்சம் தெரியும்.

அப்பா