வாசலோர இடம்

வெம்பக்கோட்டை
5-1-2007

அன்பு வேல்விழிக்கு மதினி சண்முகத்தாய் எழுதுவது. நீயும் முனியராஜ் தம்பியும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்களுக்கும் குறையில்லை.

பாப்பாவின் காதுகுத்துப் பத்திரிகை கிடைத்தது. மூன்று வருடமாக ஒரு வரி எழுதாதவள் பத்திரிகையாவது அனுப்பினாயே, சந்தோஷம். உன் அண்ணன் கண்டிப்பாக வருவார். தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா? கம்மலும் பட்டுப்பாவாடையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். எனக்கு வரத் தோதில்லை. கம்பெனியில் லீவு கிடைக்காது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

கோயம்புத்தூர்க் குளிருக்குப் பாப்பா தலையில் துணி கட்டிவிடு.

உன் மதினி
சண்முகத்தாய்


கோயம்புத்தூர்
11-1-2007

மதினிக்கு வேல்விழி எழுதுவது.

லீவு கிடைக்காதா? தீபாவளி ஆர்டர் முடிந்து தை மாதத்தில் எந்தப் பட்டாசுக் கம்பெனியில் லீவு கிடைக்காது? நானும் அந்தக் கம்பெனி வேனில் ஏறி வந்தவள்தான். என்னிடமே கதை விடாதீர்கள்.

இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததை இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன். நாம் நாலு பேர் ஒரே ஷெட்டில் உட்கார்ந்து மருந்து அடைத்தோம். வாசலை ஒட்டிய இடம் எப்போதும் உங்களுக்கு. தீப்பிடித்தால் முதலில் வெளியே குதிக்கிற இடம் அதுதான் என்று நம் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஐந்து மாத வயிற்றோடு நான், "மதினி, நான் வாசப் பக்கம் உக்காந்துக்கிடுதேன்" என்று கேட்டேன். நீங்கள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "அது முடியாது, நீ உள்ளயே இரு" என்றீர்கள். மறுவாரம் பக்கத்து ஷெட்டில் புகைந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வெளியே வந்தபோது நீங்கள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தீர்கள். அன்றைக்கே வேலையை விட்டேன்.

உங்கள் உயிர் உங்களுக்கு வெல்லக்கட்டி. என் பிள்ளை யாரோ. இந்தத் தடவையும் வராவிட்டால் அந்த வீட்டில் எனக்கு அண்ணன் மட்டும்தான் உறவு.

வேல்விழி


வெம்பக்கோட்டை
19-1-2007

விழிக்கு,

படித்ததும் இதைக் கிழித்துப் போடு. பக்கத்து வீட்டுப் போனில் பேசுகிற விஷயமில்லை.

சின்னவன் பிறந்ததிலிருந்து, ஒன்பது வருடமாக, எனக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. இரண்டு நாள் வலியெடுத்துப் பெற்றேன். நாற்பதாம் நாளே வேனில் ஏறிவிட்டேன். தும்மினால், இருமினால், குனிந்து எதையாவது தூக்கினால் கசிந்துவிடும். சேலைக்குள் துணி மடித்து வைத்திருப்பேன். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டேன். அப்படியும் நனையும்.

மருந்தில் ஈரம் பட்டால் சூடேறும் என்று போர்மேன் தினமும் கத்துவாரே, நினைவிருக்கிறதா? நான் உள்ளே உட்கார்ந்தால், ஒவ்வொரு தடவையும் ஈரச் சேலையோடு உங்கள் மூன்று பேர் மருந்துத் தட்டையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ஒரு சொட்டு விழுந்து ஏதாவது ஆகிவிட்டால்? அதிலும் நீ வயிற்றுப்பிள்ளைக்காரி. அதனால்தான் அந்த இடத்தை விடவில்லை. நீ கேட்ட அன்று வாய்வரை வந்தது. மூக்கம்மாளும் பத்திரகாளியும் பக்கத்தில் இருந்தார்கள். வெட்கத்தில் விழுங்கிவிட்டேன். புகைந்த அன்று நான் முதலில் ஓடவில்லை, விழி. கக்கூஸுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணனுக்குக்கூட இது தெரியாது. ஏழு மணி நேரம் பஸ்ஸில் எப்படி வருவேன்? உன் சம்பந்தக்காரர்கள் முன்னால் நனைந்து நின்றால் உனக்குத்தான் அசிங்கம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகும் என்று தெருவில் ஒருத்தி சொல்கிறாள். சித்திரையில் எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

கோபம் தீரவில்லை என்றால் வைத்துக்கொள். உன் கடிதத்தைப் படித்து நான் அழுதது மட்டும் நிஜம்.

மதினி


கோயம்புத்தூர்
26-1-2007

என் மதினிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு இப்படி வலித்திருக்காது.

பாப்பா பிறந்த பிறகு எனக்கும் இதேதான், மதினி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். கை கால் முறிந்தவர்கள் போகிற இடத்தில் எனக்கென்ன வேலை என்று நினைத்தேன். அங்கே அருணாதேவி என்று ஒரு அம்மா. இடுப்புக்குள்ளே அடியில், தொட்டில் துணி மாதிரி, தசை இருக்கிறதாம். மூத்திரப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்குவது அதுதான். பிள்ளை பெறும்போது தளர்ந்துபோகும். கை கால் தசையைப் போலப் பழக்கினால் வலுப்படும் என்றார். கதவைச் சாத்தி, என் சம்மதம் கேட்டுத்தான் சோதித்தார். வாயுவையும் சிறுநீரையும் அடக்குவது போல உள்ளுக்குள் இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு முழுசாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, தொடையை இறுக்கக் கூடாது. பத்துப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. தும்மல் வருகிறதென்றால் அதற்கு முன்னால் ஒரு பிடி. தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாதாம். எனக்கு நாலு மாதத்தில் சரியானது.

அந்த நாலு மாதமும் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் உங்களைத்தான் வைதுகொண்டு போனேன். உங்களுக்கும் இப்படி இருக்குமோ என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லையே. என்னை மன்னித்துவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள். சிலருக்குத் தசை தளராமல் இறுகிப்போயிருக்குமாம். அதனால் சோதித்துவிட்டுத்தான் பழக வேண்டும் என்கிறார் அந்த அம்மா. மதுரையில் இதே வேலை பார்க்கிற, அவருக்குத் தெரிந்த பெண் இருக்கிறார். விலாசம் எழுதிய சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள்.

காதுகுத்தைத் தள்ளிவைத்தாயிற்று. மாமனார் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும். நீங்கள் வராமல் என் பிள்ளை காதில் ஊசி படாது.

உங்கள் விழி


வெம்பக்கோட்டை
18-6-2007

என் தங்கம் விழிக்கு,

மதுரைக்கு ஐந்து தடவை போய்வந்துவிட்டேன். உன் கடிதத்தைப் பார்த்து நானாகப் பழகியதெல்லாம் வீண். முதல் நாளே அந்தப் பெண், "யக்கா, மூச்சையும் முகத்தையும் பிடிக்கீக, பிடிக்க வேண்டியதை விட்டுட்டீக" என்று சிரித்தாள். டாக்டரம்மாவும் பார்த்தார். கர்ப்பப்பை நன்றாகத்தான் இருக்கிறது, அதை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டார்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை, உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். சித்திரைக் கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தும்மினேன். ஒன்றும் ஆகவில்லை. நம்பிக்கை வராமல், மூக்கில் துணித்திரியை விட்டு இன்னொரு தடவை தும்மிப் பார்த்தேன். பைத்தியமா உனக்கு என்றாள் மூக்கம்மாள். அவளிடம் சொல்லிவிட்டேன். தூக்குவாளியை மூடிக்கொண்டே, "எனக்குந்தான்" என்றாள். போன வாரம் அவளையும் மதுரைக்குக் கூட்டிப்போனேன். இப்போது வேனில் இரண்டு பேரும் பேசாமல் எண்ணிக்கொண்டு வருகிறோம். நாங்கள் ஏதோ விரதம் என்று டிரைவர் ரேடியோ சத்தத்தைக் குறைக்கிறார். முழுசாகக் குணமாகவில்லை. பலமாக இருமினால் இன்னும் கசிகிறது. ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறேன்.

உன் அண்ணனிடம் சொன்னேன். நான் தள்ளித் தள்ளிப் படுத்ததை, தன்னைப் பிடிக்கவில்லை என்று இத்தனை வருடமாக நினைத்திருக்கிறார். "இதைச் சொல்லதுக்கு ஒம்பது வருசமா தாயி?" என்று கேட்டார். அடுத்த தடவை மதுரைக்கு அவரும் வந்து, அத்தனை பெண்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நீ மன்னிப்புக் கேட்டாய். நானும்தான் கேட்க வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரி கேட்டபோது காரணத்தையாவது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என் வெட்கம் நம் இரண்டு பேருக்கும் மூன்று வருடத்தைத் தின்றுவிட்டது.

29-ஆம் தேதி காதுகுத்துக்கு முந்தின நாள் காலையிலேயே பஸ் ஏறுகிறோம். மதுரையில் ஒரு தடவை, திண்டுக்கல்லில் ஒரு தடவை இறங்கிக்கொள்வேன். கண்டக்டர் சத்தம் போட்டால் உன் அண்ணன் பார்த்துக்கொள்வார். பஸ் ஸ்டாண்டுக்கு நீ மட்டும் வராதே, பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வா. மூன்று வயதாகிறது, அவள் முகம் எனக்குத் தெரியாது.

உன் மதினி
சண்முகத்தாய்