மடக்காத குடை

செடெனாக்,
3-11-1931

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை வாங்கிக் கொடுத்தவர் நீங்கள்தான். மறுக்கவில்லை. ஆனால் அதை உங்கள் தங்கையைக் கட்டிய அன்றே பந்தியில் சொன்னீர்கள். என் மகளுக்குக் காது குத்தும்போது சொன்னீர்கள். போன தீபாவளிக்கு லாபிஸ் ரயில் நிலையத்தில், முன்பின் தெரியாத டிக்கெட்காரனிடமும் சொன்னீர்கள்.

நேற்று நடந்ததை உங்களுக்கு யாராவது திரித்துச் சொல்வதற்குள் நானே எழுதுகிறேன். நல்ல மழை. பள்ளிக்குப் போகும் வழியில் துரையின் கார் வந்தது. துரையைக் கண்டால் குடையை மடக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். கூலி ஆட்களுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும். நான் ஒதுங்கி நின்று வணக்கம் சொன்னேன். குடையை மடக்கவில்லை. கையில் புத்தகம் இருந்தது என்று சாக்குச் சொல்லலாம், சொல்லப் போவதில்லை. மடக்க மனமில்லை.

கங்காணி காளியப்பன் ஓடி வந்தார். "வாத்தியாரே, மடக்கிடுங்க லா! என்ன கொறஞ்சிடப் போவுது?"

"மழை நிக்கட்டும் கங்காணி, மடக்கிடுறேன்."

பால்மரம் வெட்டுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு துரையின் காதில் விழுந்துவிட்டது. விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில், இந்த மாதத்துக்குள் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் வேலை இல்லை.

கேட்கமாட்டேன். மழைக்குக் குடை பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிள்ளைகளிடம் 'நிமிர்ந்து உட்கார்' என்று எந்த வாயால் சொல்வது? இதில் நீங்கள் தலையிட வேண்டாம்.

தங்கள்,
சி. வீரமுத்து


லாபிஸ்,
12-11-1931

பாசமுள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு யாவரும் நலம். தனலெட்சுமியும் குழந்தையும் சுகந்தானே?

கோபமாக எழுதியிருக்கிறீர்கள். உரிமை உள்ளவனிடம்தானே கோபப்பட முடியும்! ஆனால் ரப்பர் விலை கிடக்கிற கிடையில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள். இப்போதா குடைக்காகச் சண்டை?

கவலையை விடுங்கள். உங்கள் பேரில் நானே இங்கிலீஷில் நாலு வரி மன்னிப்பு எழுதி, உங்கள் கையெழுத்தையும் போட்டு, நான் வேலை பார்க்கும் தோட்டத்துத் துரையிடம் கொடுத்தேன். அவர் ஞாயிறன்று கிளப்பில் உங்கள் துரையிடம் சேர்த்துவிட்டார். நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம். பெரட்டில் பேசாமல் நின்றால் போதும். மானமும் போகாது, வேலையும் போகாது.

பொங்கலுக்கு எல்லாரும் வாருங்கள். தங்கைக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
லெட்சுமணன்


செடெனாக்,
20-11-1931

மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதைத் தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி பெரட்டில் தமிழில் படித்தார். மழையில் சிரித்த அதே ஆட்கள் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இப்ப புத்தி வந்துச்சா, வாத்தியார்?" என்று தாளை என்னிடம் நீட்டினார் துரை.

"அது என் கையெழுத்து இல்லீங்க. நான் மன்னிப்புக் கேக்கல."

யார் போட்டது என்று கேட்டார். உங்கள் பேரை நான் சொல்லவில்லை. நாளை வீட்டைக் காலி செய்கிறோம்.

துரை என் வாயிலிருந்து ஒரு வார்த்தையைக் கேட்டார். நீங்கள் என்னைக் கேட்காமலே அதை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். துரைக்காவது என் சம்மதம் தேவைப்பட்டது.

உலு திராமில் அமானுல்லா ராவுத்தர் கடையில் கணக்கெழுத ஆள் வேண்டுமாம். சம்பளம் குறைவு. "கொடையோட வாங்க வாத்தியாரே, நம்ம கடையில தொர கெடையாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததாக நீங்கள் யாரிடமும் சொல்ல முடியாது.

தனலெட்சுமி அழுதாள். பிறகு, "அண்ணன் நல்லதுக்குத்தான் செஞ்சாரு. ஆனா ஒங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சட்டிபானைகளைக் கட்டத் தொடங்கினாள். புடவை அங்கேயே இருக்கட்டும்.

கையெழுத்திடப் பேனாவை எடுத்தேன். துரை நீட்டிய தாளில், நான் போடுகிறபடியே, 'மு'வின் சுழிகூடப் பிசகாமல் நீங்கள் போட்டிருந்தது கண் முன்னே வந்தது. இந்தக் கடிதத்தைக் கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன். வேண்டுமென்றால் அதையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.