வெட்டியெடுத்த கூப்பன்

வடக்கு டகோட்டா,
பிப்ரவரி 9

அன்புள்ள வெர்னாவுக்கு,

எண்ணெய்க் கிணற்று வேலையிடத்தில் குளிர் கடுமை என்றாலும் நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? பெண்கள் இருவரும் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறார்களா?

ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வரும் மளிகைத் தள்ளுபடிக் கூப்பன் தாளை நீ வாராவாரம் அனுப்புவதால் சாப்பாட்டுச் செலவு குறைந்துவிட்டது. மிச்சத்தை என் பொம்மை ரயிலுக்கு நல்ல எஞ்சின் வாங்கச் சேர்த்துவந்தேன்.

நேற்று ஒரு வேடிக்கை. கடையில் பில் போடும் டாட்டி, உன் தாளில் ஒரு கூப்பன் வெட்டியெடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் தன்னிடமிருந்த அதே தாளை எடுத்துக் காட்டினாள்.

"இது ஆம்பளைங்க சவர பிளேடு கூப்பனாச்சே. உங்க வீட்ல யாருண்ணே சவரம் பண்றது?"

"பொண்டாட்டியும் ரெண்டு சின்னப் பொண்ணுங்களும்தான் இருக்காங்க."

"அப்ப பூனைக்குத்தான் இருக்கும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து போன வாரத் தாளைப் பிரித்தேன். அதிலும் அதே கூப்பன் வெட்டியெடுக்கப்பட்டிருந்தது.

கம்பளிக் காலுறை அனுப்பச் சொல்ல நினைத்தேன். வேண்டாம், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். எஞ்சினுக்குச் சேர்த்ததில் பஸ் டிக்கெட் வாங்கிவிட்டேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். எந்த நாள் வருவேன் என்று எழுதப்போவதில்லை.

உன்
கிளேட்டன்