நான்கு எண்ணுவதற்குள்

என்னைவிட நாலு மாதம் மூத்தவன் என்பதற்காகவே கடைசிவரை மச்சான் என்று கூப்பிட வைத்த என் கதிருக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளில் உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. இப்போது என்னிடம் ஒரு கேள்வி வந்து சேர்ந்திருக்கிறது. அதை உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது. உன்னிடமும் கேட்க முடியாது என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நம் 'இடிதாங்கி'க்கு ஒரு ஒலிப்பதிவு இருக்கிறதாம், மச்சான். நாலு பேர் சேர்ந்து ராக் இசைக்குழு என்று பெயர் வைத்து, காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு முழுக் கச்சேரி நடத்தி, அதே மேடையில் கலைந்துபோனோமே, அந்தக் கச்சேரி. அதை யாராவது பதிவு செய்திருப்பார்கள் என்று நாம் கனவிலாவது நினைத்தோமா?

போன மாதம் ஒரு மத்தியானம் என் அலுவலக வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். பெயர் ஜெயந்தி, தேவகோட்டையில் ஆசிரியை. "இடிதாங்கியில கிட்டார் வாசிச்ச பூமிநாதன் நீங்கதான சார்?" என்று கேட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று, என்னை யாரும் அப்படி அடையாளம் சொல்லி. ஒரு நிமிடம் யாரைக் கேட்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை.

அன்றைக்கு அவர் பள்ளி மாணவி. அண்ணனுடைய ஆங்கிலப் பாடக் கேசட்டை எடுத்துக்கொண்டு வந்து, ஆறாவது வரிசையில் உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துத் துப்பட்டாவால் மூடிப் பதிவு செய்திருக்கிறார். இப்போது வீடு மாற்றும்போது கிடைத்ததாம். மதுரையில் கொடுத்து போனில் கேட்கிற மாதிரி மாற்றி வாங்கியிருக்கிறார். "அண்ணன் பாடத்த அழிச்சதுக்கு அன்னைக்கு நல்லா அடி வாங்குனேன் சார்," என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் போய்க் கேட்டேன். தூரத்திலிருந்து பிடித்த சத்தம். கைதட்டல்தான் பெரிதாகக் கேட்கிறது. பக்கத்தில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ ஒருவர் ஃபேனைப் போடச் சொல்கிறார். அதையெல்லாம் தாண்டி, பின்னால் எங்கேயோ நாம் இருக்கிறோம். என் பாட்டு நான் நினைத்திருந்ததைவிட மோசம். உன் டிரம்ஸ் நான் நினைத்திருந்ததைவிட எவ்வளவோ மேல்.

கடைசிப் பாட்டு 'ரயில்வே கேட்' வந்தது. அதில் நடுவில் எல்லாரும் சட்டென்று நிறுத்தி, நாலு எண்ணும் நேரம் மௌனமாக இருந்துவிட்டு, ஒன்றாக உள்ளே நுழைய வேண்டும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில்தான் எல்லாம் குலைந்தது. நீ அவசரப்பட்டு முந்திவிட்டாய் என்றும், உன் கையிலிருந்த ஸ்டிக் நழுவி விழுந்தது என்றும் இத்தனை வருடமும் எனக்கு நிச்சயமாக ஞாபகம்.

பதிவில் அப்படி இல்லை, கதிர்.

மௌனம் வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றிலேயே என் கிட்டார் உள்ளே வந்துவிடுகிறது. நீ ஒரு நொடி தயங்கி, என்னைக் காப்பாற்றுவதற்காக என் பின்னாலேயே தாவுகிறாய். மற்ற இருவரும் சரியாக நாலு எண்ணிவிட்டு வருகிறார்கள். அவ்வளவுதான், பாட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. ஸ்டிக் விழுந்த சத்தம் எங்கேயும் இல்லை.

ஜெயந்தி டீச்சருக்கு இசை தெரியாது. அவரே சொன்னார்: "கிட்டாரு கொஞ்சம் முந்திருச்சு போல சார்."

அதற்கப்புறம் மைக்கில் என் குரல். "எங்க டிரம்மருக்குத் தாளம் தப்பிருச்சு. வீட்ல ஒரு வாரம் அம்மி அரைச்சுப் பழகிட்டு வருவாரு, மன்னிச்சுக்கங்க." மண்டபமே சிரிக்கிறது. ஆறாவது வரிசையில் மடியில் டேப்போடு இருந்த பெண்ணும் சிரிப்பது கேட்கிறது. உன் குரல் கேட்கவே இல்லை.

அந்த ஸ்டிக் எங்கிருந்து வந்தது, மச்சான்? நான் அதைப் பார்த்தேன். மேடைப் பலகையில் உருண்டு போனதைப் பார்த்தேன். வேண்டுமென்றே கட்டிய கதையா, சொல்லிச் சொல்லி நானே பார்த்ததாக ஆகிவிட்டதா? அது நடக்கவில்லை என்றால், என் ஞாபகத்தில் இருக்கும் மற்றவற்றில் எதெல்லாம் நடந்தது?

அந்தக் கதையை நான் எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன். என் கல்யாணத்தில், உன் கல்யாணத்தில், கண்டனூரில் நீ வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்றைக்கு உன் வீட்டுக் கூடத்திலேயே. நீ சிரித்துக்கொண்டு, "ஆமா, எனக்குக் கை வராது," என்று சொன்னாய். மேடையிலிருந்து இறங்கிய பிறகு நீ டிரம்ஸ் பக்கமே போகவில்லை என்பதை நாங்கள் யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. டைல்ஸ் கடைக்கு வேலைக்குப் போனாய், குடும்பம் ஆயிற்று, அவரவர் பிழைப்பு என்று விட்டுவிட்டோம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நினைத்தால்தான் என்னால் உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது நீ கேட்டாய்: "மாப்ள, அந்த ரயில்வே கேட் பாட்டு ஞாபகம் இருக்கா?" நான் உன்னைச் சிரிக்க வைப்பதாக நினைத்து, "நீ கெடுத்த பாட்டுதான?" என்றேன். நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். அப்புறம் நீ என் மகனின் படிப்பைப் பற்றி விசாரித்தாய்.

என்ன சொல்ல வந்தாய்?

டீச்சர் அந்தப் பதிவை யூடியூபில் போட அனுமதி கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடைசிப் பாட்டு மட்டும் வேணாம் டீச்சர், சத்தம் சரியா இல்ல," என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. பேருந்தில் காரைக்குடி வந்து இறங்குவதற்குள் எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போயிற்று.

வசந்தாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கண்டனூர் போனேன். உன் மனைவிதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவள் என்று நினைத்தேன். அவள் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். டீச்சர் என் போனுக்கு அனுப்பியிருந்த பதிவில் முதல் பாட்டைப் போட்டேன். தொடங்குவதற்கு முன்னால் நீ 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று கத்துவாயே, அதைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"இது அவுகளா?"

"ஆமாம்மா."

"இம்புட்டுச் சத்தமாக் கத்துவாகளா? எங்கிட்டப் பேசுறதே பக்கத்துல வந்தாத்தான் கேக்கும்."

பிறகு கடைசிப் பாட்டையும் போட்டு, நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள்:

"கல்யாண வீட்டுல மேளம் அடிக்க ஆரம்பிச்சா அவுக எந்திரிச்சு வெளிய போயிருவாக அண்ணே. தலைய வலிக்குதும்பாக. இருவது வருசமா நான் கைப்பையில மாத்திர வச்சுக்கிட்டுப் போவேன். தலைவலின்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவுகளுக்குத் தெரியுமாண்ணே, தப்பு அவுக மேல இல்லன்னு?"

"அதத்தாம்மா நானும் உங்கிட்டக் கேக்க வந்தேன்."

"எங்கிட்ட ஒருக்காக்கூட ஒங்களக் குறையாச் சொன்னதில்ல. அப்பத் தெரியாதுன்னு வச்சுக்கிறதா, தெரிஞ்சும் சொல்லலைன்னு வச்சுக்கிறதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் கடுமையாகவே கேட்டாள். "இத இப்ப அவுகளுக்காகச் சொல்றீகளா, ஒங்களுக்காகச் சொல்றீகளா?"

எனக்குத் தெரியவில்லை, கதிர். அவளிடமும் அதைத்தான் சொன்னேன். உனக்குத் தெரிந்திருந்தால், இருபது வருடத்துக்கும் மேலாக என் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். தெரியாமல் இருந்திருந்தால், கை வராது என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கிறாய். இதில் எதை நான் வேண்டிக்கொள்வது?

கிளம்பும்போது வாசல்வரை வந்தவள் சொன்னாள்: "முழுசாப் போடச் சொல்லுங்க அண்ணே. எதையும் வெட்ட வேணாம்."

முழுதாகவே போட்டாயிற்று. அதன் கீழே முதல் ஆளாக நான் எழுதினேன்: தாளம் தப்பியது கிட்டார், டிரம்ஸ் அல்ல. நாற்பது ஐம்பது பேர் கேட்டிருக்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை உன் சித்தப்பா பேத்திக்கு நிச்சயதார்த்தம். சாப்பாட்டுப் பந்தியில் யாரோ வழக்கம்போல, "பூமி, அந்த டிரம் கதையச் சொல்லுப்பா," என்றார்கள். இலையை விட்டு எழுந்து நின்று சொன்னேன். தப்பு என்னுடையது, கதிர் என்னைக் காப்பாற்றப் பார்த்தான், நான் அவனை ஊர் முன்னால் சிரிக்க வைத்தேன் என்று சொன்னேன். உன் சித்தப்பா என் தோளைத் தட்டி, "செத்தவனப் பத்தி நல்லதாச் சொல்றது நல்ல கொணம்தான், உக்காந்து சாப்பிடு," என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட நம்பவில்லை. பொய்யை ஒரே தடவையில் நம்பியவர்கள், மச்சான்.

ஆனாலும் விடமாட்டேன். அந்தக் கதையை எந்தெந்த வீட்டில் சொன்னேன் என்று ஞாபகம் வருகிற அத்தனை வீட்டுக்கும் போவேன். போனை நடுவில் வைத்து, அந்த மௌனத்தைப் போட்டுக் காட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டு எண்ணச் சொல்வேன். அவர்கள் காதாலேயே கேட்கட்டும். அலுத்துக்கொண்டாலும் சரி, எனக்கு வயசாகிவிட்டது என்று சொன்னாலும் சரி. இது நான் உனக்குத் தரும் வாக்கு.

நீ சொல்ல வந்ததைக் கேட்காமல் சிரித்துவிட்ட,
உன் அத்தை மகன்,
பூமிநாதன்
காரைக்குடி